செரமைடா, எஸ்1பியா?

ஹட்டனில் ரியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: “சேர், கொழுப்பு எப்படிக் கலத்துக்குக் கட்டளை போடும்?”

செரமைடு கலத்திலுள்ள ஒரு கொழுப்பு; தேயிலையை வெட்டும் கவ்வாத்துக் கத்தி மாதிரி. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோவோ கதிர்வீச்சோ பட்டதும் கலத்துக்குள் கூடி, இழைமணியைக் குலைத்துக் கலத்தைச் சாகத் தூண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலை திரும்பத் துளிர்க்கும், செத்த கலம் துளிர்க்காது.

அதே செரமைடில் கொழுப்பமிலத்தைக் கழற்றி, ஒரு பொசுபேற்றை ஒட்டினால் எஸ்1பி, அதாவது ஸ்பிங்கோசின்-1-பொசுபேற்று. இது உரம். கலத்துக்கு வெளியே போய், கல மேற்பரப்பில் சைகையைப் பிடிக்கும் 5 வகை வாங்கிகளில் ஒட்டி, பிழைக்கவும் நகரவும் புது இரத்தக்குழாய் முளைக்கவும் சொல்லும். பல புற்றுநோய்க் கட்டிகளில் இதைத் தயாரிக்கும் நொதியம் மிதமிஞ்சி இருக்கிறது.

மருந்துக்கு நான் குறிவைப்பதென்றால் எஸ்1பியைத்தான். சரி, முழுதாக மறிக்கலாமா? நோயோடு போராடும் நிணநீர்க் கலங்கள் நிணநீர்க் கணுவை விட்டு வெளியேறவும் அதுதான் வேண்டும்.