சொந்த ஆலையா, ஒப்பந்த ஆலையா: பாட்டாவும் நைக்கியும்

1894-ல், இன்றைய செக் குடியரசின் ஸ்லீன் நகரில் தோமாஷ் பாட்டா அண்ணன், அக்காவோடு தொடங்கிய காலணிப் பட்டறை, பின்னாளில் போன இடமெல்லாம் ஆலையோடு ஒரு ஊரையே கட்டியது. வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் கம்பெனியே கொடுத்தது. கொல்கத்தா அருகே 1930-களில் எழுந்த பாட்டாநகரும் அப்படித்தான். (பாட்டா நம் ஊர்க் கம்பெனி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள்!) 1922 நெருக்கடியில் காலணி விலையைப் பாதியாக்கியபோது கூலியையும் 40 சதவீதம் குறைத்தார்கள். ஆனால் தொழிலாளிக்கு உணவும் துணியும் மலிவு விலையில் கிடைத்தன.

நைக்கி 1964-ல் ஜப்பான் காலணிகளை அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய கம்பெனி. வடிவமைப்பும் விளம்பரமும் அதன் கையில். தைப்பது ஒப்பந்த ஆலைகள். கூலி ஏற ஏற வேலை ஜப்பானிலிருந்து கொரியா, தைவான், அப்புறம் இந்தோனேசியா, வியட்நாம் என்று நகர்ந்தது. நம் செய்யாறிலும் தைவான் நிறுவனம் ஒன்று நைக்கிக்காகத் தைக்கிறது.

வேகமாக வளர நைக்கி வழிதான் சரி. ஆனால் ஆலைக்குள் கொடுமை நடந்தால் யார் பொறுப்பு? 1990-களில் கண்டனம் வலுத்த பிறகே, 1998-ல் காலணி ஆலைகளில் குறைந்தபட்ச வயதை 18 ஆக்கினார்கள். ஆலைகளின் பட்டியல் வெளிவர 2005 ஆனது. பாட்டாநகரில் முதலாளி யார் என்று தொழிலாளி தேட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.