மாசி, பங்குனியில் ஆற்றுத் தூண்டில்: ஒரே செட்டோடு பல வருட அனுபவம்

ஏழடி மீடியம் ராடு (தூண்டில் கம்பு), 3000 சைஸ் ரீல் (நரம்பு சுற்றும் கருவி), 20 எல்பி (பவுண்டு) இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு). புதுச்சேரி நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றங்கரையிலும் கடலூரில் பெண்ணையாற்றிலும் உப்பனாற்றிலும் பல வருடமாக எனக்கு இந்த ஒரு செட்தான். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கருவியை விடக் காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு கலங்கி ஓடும். மாசி பிறந்தால் தண்ணீர் தெளிந்து, கடல் உப்பு உள்ளே ஏறும். கூடவே கொடுவா, செப்பிலி, கிழங்கான் மீன்கள் எல்லாம் வரும். நம் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஓட்டம் நன்றாக இழுக்கும். அஷ்டமி, நவமியில் தண்ணீர் சும்மா கிடக்கும், நான் போவதே இல்லை. ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதைக் கணக்கு வைத்து, ஏற்றம் முடியும் நேரமும் வற்றம் தொடங்கும் நேரமும் கரையில் இருங்கள். அது விடியற்காலையோடு சேர்ந்தால் விட்டுவிடவே கூடாது. மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டித்தான், ஓட்டம் அருமையாக இருக்கும். ஆனால் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் கூட்டத்தில் நிற்கவே இடம் கிடைக்காது.

சுண்ணாம்பாற்றில் படகுகள் ஓடத் தொடங்குவதற்கு முன் தூண்டில் போட்டு முடிப்பது நல்லது. பெண்ணையாற்றில் 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து வந்த வெள்ளத்துக்குப் பிறகு பழைய பள்ளங்களை நான் நம்புவதில்லை. வெறும் ஈயக்குண்டை எறிந்து ஆழம் பார்த்த பிறகுதான் இரை. உப்பனாற்றில் தொழிற்சாலைகள் பக்கம் பிடித்ததைச் சமைக்க எனக்கு மனசு வராது.

இரைக்கு உயிர் இறாலை மிஞ்ச எதுவுமில்லை. தலைக்குள் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதைத் தொடாமல், தலை முனைக் கொம்புக்கு அடியில் தூண்டில் முள்ளைக் குறுக்கே ஏற்றினால் இறால் வெகுநேரம் துடிப்போடு நீந்தும்.

செலவு செய்வதென்றால் முள்ளிலும் லீடரிலும் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) செய்யுங்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. மெல்லிய நரம்பு ஒரு உதறலுக்குத் தாங்காது. 40 எல்பி லீடர் இரண்டு முழம் கட்டுகிறேன். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு விரலால் உருவிப் பார்ப்பேன். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சு. பெரிய கொடுவா விழுந்தால் திரும்ப ஆற்றில் விடுகிறேன். அது ஆணாக வளர்ந்து, வயதான பிறகே பெண்ணாக மாறும் மீன்; பெரிசுதான் முட்டை போடும்.

இத்தனை உப்பிலும் ராடு திடமாக இருக்கிறது, கைடு (நரம்பு ஓடும் வளையம்) கால்களில் மட்டும் துரு. ரீலில் முதலில் இறுகியது பெயில் ரோலர் (நரம்பு உருண்டு ஓடும் சின்ன உருளை). வீட்டுக்கு வந்ததும் டிராகை (நரம்பின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இறுக்கி, நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் உழைக்கும். அடுத்து வாங்கினாலும் 3000-தான் எடுப்பேன். கிழங்கானுக்கென்று ஒரு லைட் ராடு மட்டும் கூடச் சேர்ப்பேன்.