எஸ்.ஏ.எல்.ஜி.: கல்லூரி அறிவியல் வகுப்புக்கான மாணவர் கருத்துப் படிவம் – ஒரு மதிப்புரை

பருவ இறுதியில் கல்லூரி மாணவர்கள் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்கள் பெரும்பாலும் ஆசிரியரைப் பற்றியே கேட்கின்றன: நேரத்துக்கு வந்தாரா, பாடத்திட்டத்தை முடித்தாரா, புரியும்படி பேசினாரா. சராசரி உயர்ந்தால் ஆசிரியர் மகிழலாம், குறைந்தால் வருந்தலாம். அடுத்த பருவத்தில் எதை மாற்றுவது என்பதற்கு மட்டும் அந்த எண்ணில் விடை இருப்பதில்லை. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மாணவர் திருப்திக் கணிப்பு 20 தெரிவு வினாக்களும் ஒரு விரிவான வினாவும் கொண்டது என்றாலும், அது நிறுவனம் முழுவதையும் நோக்கியது என்பதால், ஒரு குறிப்பிட்ட பாடத்தை நடத்துபவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

எஸ்.ஏ.எல்.ஜி. (Student Assessment of their Learning Gains, தம் கற்றல் பயன் பற்றிய மாணவர் மதிப்பீடு) என்னும் இலவச இணையவழிக் கருவி வேறு கேள்வியை முன்வைக்கிறது. அமெரிக்காவில் வேதியியல் கற்பித்தலைச் சீரமைக்க நடந்த இரு கூட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டுப் பணியில் ஈடுபட்டிருந்த கொலராடோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எலைன் சீமோர் 1997இல் இதை உருவாக்கினார். 2007இல் இது திருத்தி அமைக்கப்பட்டது. ஆசிரியர் எப்படி என்று கேளாமல், விரிவுரை, குழு விவாதம், ஆய்வகம், வீட்டுப்பாடம், தேர்வு, பாடநூல் ஆகிய ஒவ்வொன்றும் உங்கள் கற்றலுக்கு எவ்வளவு உதவியது என்று தனித்தனியாகக் கேட்டு, 'உதவவில்லை' முதல் 'பேருதவி' வரை ஐந்து படிகளில் விடை பெறுகிறது. ஆசிரியர் வினாக்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், திருத்தலாம்.

இளநிலை வேதியியல் வகுப்பொன்றில் இதைப் பயன்படுத்தியபோது இந்தப் பிரிப்பின் அருமை விளங்கியது. விரிவுரைக்கு நல்ல மதிப்பும் செய்முறை ரெக்கார்டுக்குக் குறைந்த மதிப்பும் வந்திருந்தன. ரெக்கார்டு எழுதுவது வீண் வேலை என்று மாணவர்கள் கருதுவதாக முதலில் தோன்றினாலும், அதே பகுதியின் கீழ் அவர்கள் எழுதியிருந்த வரிகள் வேறு காரணத்தைக் காட்டின: வேதிவினைகளின் வேகத்தை அளக்கும் வினைவேகவியல் சோதனையை ஆய்வகத்தில் செய்து முடித்த பிறகே அதற்குரிய கோட்பாடு வகுப்பில் நடத்தப்பட்டிருந்தது. பொருள் விளங்காத எண்களைப் பார்த்து எழுதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ரெக்கார்டை ஒழிக்க வேண்டியதில்லை, சோதனைகளின் வரிசையை மாற்றினால் போதும் என்பதை வழக்கமான படிவம் ஒருநாளும் சொல்லியிருக்காது.

ஆனால் இக்கருவி அளப்பது மாணவர் பெற்ற அறிவை அன்று. பெற்றதாக அவர் உணர்வதை மட்டுமே. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே கணக்குகளோடு போராடிக் கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். ஆகவே, குழு விவாதத்துக்கு எஸ்.ஏ.எல்.ஜி.யில் குறைந்த மதிப்பு வந்தது என்பதற்காக அதைக் கைவிடுவது அவசரச் செயலாகும். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பாடத்தின் அடிப்படைக் கருத்துகள் புரிந்தனவா என்று சோதிக்கும் ஒரே தேர்வை வைத்து (இயற்பியலில் இதற்கென 1992 முதல் 'விசைக் கருத்துத் தேர்வு' இருக்கிறது) அதன் மதிப்பெண்ணையும் படிவத்தையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை. முதல் எண் கற்றலைக் காட்டும். இரண்டாவது, மாணவர் எங்கே சலிப்புற்றார், எங்கே கைவிடப்பட்டதாக உணர்ந்தார் என்பதைக் காட்டும். ஆசிரியருக்கு இரண்டும் வேண்டும்.

குறைகளும் உண்டு. முழுப் படிவம் மிக நீளமானது. பிற்பகுதி வினாக்களுக்கு மாணவர்கள் ஒரே கட்டத்தை வரிசையாகச் சொடுக்கிவிட்டுப் போகிறார்கள். அடிப்படை வினாக்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த முதலாண்டு மாணவர்களுக்கு அவற்றின் நுட்பமான வேறுபாடுகள் பிடிபடுவதில்லை. விரிவாக எழுதவேண்டிய இடத்தில் 'குட்' என்ற ஒற்றைச் சொல்லே வருகிறது. தமிழிலும் எழுதலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் விடைகள் நீள்கின்றன.

வினாக்களைப் பாதியாகக் குறைத்து, பருவத்தின் நடுவிலேயே இதை நடத்துபவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இறுதியில் மட்டும் நடத்தினால் அதன் பயன் அடுத்த அணிக்கே போய்ச் சேரும். விடையளித்தவர்களுக்கு எதுவும் மாறியிருக்காது, அடுத்த முறை அவர்கள் அக்கறையோடு நிரப்பவும் மாட்டார்கள்.