கொழும்பின் நேரத்தை இணையத்தளத்துக்குக் கொண்டுவரும் மூன்று வழிகள்

1996 ஆம் ஆண்டுக்கும் 2006 ஆம் ஆண்டுக்கும் இடையில் கொழும்பில் பிறந்தவர்களில் பலருக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவர்களுக்காகச் சாதகம் கணிக்கும் இணையத்தளம் ஒன்றை அமைப்பவர், அந்தப் பத்து ஆண்டுகளில் நமது கடிகாரம் காட்டிய நேரத்தைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருந்த இலங்கை, மின்தட்டுப்பாட்டுக் காலமான 1996 மே 25 இல் ஆறரைக்கு மாறியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் ஆறுக்கு இறங்கியது. 2006 ஏப்ரல் 15 இல்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவதால், அரை மணித்தியாலப் பிழையைச் சிறிதென்று விட்டுவிட முடியாது.

இந்த மாற்றங்கள் யாவும் இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐ.ஏ.என்.ஏ. அமைப்பின் நேர வலயத் தரவுத்தளத்தில் 'ஏசியா/கொழும்பு' என்ற பெயரின்கீழ் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய நேரம் ஒன்றுதானே என்று 'ஏசியா/கொல்கத்தா'வைத் தெரிவுசெய்தால், அந்தப் பத்து ஆண்டுகளும் பிழையாகிவிடும்.

முதல் வழி, திகதியையும் நேரத்தையும் வலயத்துக்கேற்பக் காட்ட உலாவியிலேயே உள்ள 'இன்ட்ல்' (Intl) வசதி. தரவு எதையும் தனியாகத் தரவிறக்க வேண்டியதில்லை. பழைய மாற்றங்களும் அதில் உள்ளன. உலாவியோ இயங்குதளமோ புதுப்பிக்கப்படும்போதுதான் அதன் தரவும் புதுப்பிக்கப்படும் என்பதே குறை.

இரண்டாவது, 'மொமென்ட் டைம்சோன்' போன்ற லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, பக்கத்துடன் சேர்த்து அனுப்புவது. இங்கேதான் நான் மிகவும் அஞ்சும் பொறி இருக்கிறது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, நடப்பு ஆண்டை ஒட்டிய பத்து ஆண்டுகளின் தரவை மட்டும் கொண்ட பதிப்பொன்றும் அதில் கிடைக்கிறது. வேகத்தை விரும்பி அதைத் தெரிவுசெய்பவரின் தளம், 1998 இல் பிறந்த குழந்தைக்கும் ஐந்தரை மணித்தியாலக் கணக்கையே, எந்த எச்சரிக்கையும் காட்டாமல் போட்டுவிடும். தாய் லைப்ரரியான மொமென்ட்டுக்குப் புதிய வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று அதை உருவாக்கியவர்களே 2020 இல் அறிவித்துவிட்டனர்.

மூன்றாவது, கணக்கைத் தளத்தை இயக்கும் மையக் கணினியான சேர்வரில் செய்து விடையை மட்டும் அனுப்புவது. ஓரிடத்தில் தரவைப் புதுப்பித்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைகால நேரத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நாட்களில் அறிவித்து, பின்னர் அம்முடிவைக் கைவிட்டதைப் போன்ற வேளைகளில் இதுவே கைகொடுக்கும். ஆனால், இணைப்பு அறுந்தால் கணக்கும் நின்றுவிடும்.

எனவே, பிறந்த நேரம் போன்ற கடந்தகாலக் கணக்குக்கு 'இன்ட்ல்' போதுமானது. வெளிநாட்டு உறவினர்களுடன் நடக்கவிருக்கும் சந்திப்புகளைக் குறிக்கும் தளத்துக்குச் சேர்வர் வழியே பொருத்தமானது.

ஆயினும், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் ஐந்தரையிலேயே தொடர்ந்தன. அதற்கெனத் தனிப் பெயர் எதுவும் தரவுத்தளத்தில் இல்லை. 1999 இல் கிளிநொச்சியில் பிறந்தவருக்கு இந்த மூன்று வழிகளும் கொழும்பின் ஆறு மணித்தியாலக் கணக்கையே தரும். ஆதலால், பிறந்த இடத்தைக் கேட்கும் பெட்டியின் கீழ், குறித்த நேரம் பழைய நேரமா, புதிய நேரமா என்ற கேள்வியையும் தளம் கேட்க வேண்டும்.