எஃப்எஃப்எம்பெக் கன்ஃபிகர்: வேண்டாதவற்றை அணைத்துவிட்டுக் கம்பைல் செய்த அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் துணி செக்கிங் மேசைக்கு மேலே மாட்டிய கேமராவிலிருந்து ரோலுக்கு ஒரு படம் சேமிப்பதற்காக, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ, ஒலி கையாளும் மென்பொருளை மூல நிரலிலிருந்தே கம்பைல் செய்து (ஓடக்கூடிய நிரலாக மாற்றி) பயன்படுத்திவருகிறேன். 2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளின் திறமை ஊரறிந்தது; இங்கே நான் மதிப்பிடுவது, எதையெல்லாம் சேர்த்துக் கம்பைல் செய்வது என்பதை முடிவுசெய்யும் அதன் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை மட்டுமே.

எந்த விருப்பமும் கொடுக்காமல் ஓட்டினால், கம்பைல் செய்யும் கணினியில் எஸ்டிஎல்2 (திரையில் படம் காட்ட உதவுவது), அல்சா (ஒலிக்கானது) போன்ற வெளி லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று அதுவே தேடி, அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. என் மேசைக் கணினியில் குறையின்றி ஓடிய நிரலைச் செக்கிங் மேசையருகே உள்ள சிறிய கணினிக்குக் கொண்டுபோனபோது, எஸ்டிஎல்2 இல்லையென்று அது தொடங்கவே மறுத்துவிட்டது. படம் சேமிக்கும் வேலைக்கு அந்த லைப்ரரி தேவையே இல்லை. தானாகத் தேடிச் சேர்ப்பதை அணைக்கும் '--டிசேபிள்-ஆட்டோடிடெக்ட்' விருப்பத்தைச் சேர்த்ததும் இந்தத் தொல்லை நின்றது. ஓரிடத்தில் கம்பைல் செய்து வேறிடத்தில் ஓட்டுகிற எவரும் இதை முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

'--டிசேபிள்-எவ்ரிதிங்' அதைவிடக் கடுமையானது. டீகோடர் (சுருக்கிய வீடியோவை விரிப்பது), என்கோடர் (சுருக்குவது), ஃபில்டர், புரோட்டகால் (தரவைப் படிக்கும், எழுதும் வழி) என அனைத்தையும் அணைத்துவிடுவதால், வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திரும்ப அழைக்க வேண்டும். கேமரா அனுப்பும் வீடியோவைப் பெற ஆர்டிஎஸ்பி டீமக்ஸர், அதை விரிக்க எச்264 டீகோடர், ஜேபெக் படமாக்க எம்ஜேபெக் என்கோடர், படக் கோப்பாக்க இமேஜ்2 மக்ஸர் ஆகிய நான்கும் போதுமென்று நினைத்தேன். கன்ஃபிகர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தபோதுதான், எச்264-க்குப் பார்சர் (வரும் தரவைப் படச்சட்டங்களாகப் பிரிப்பது) இல்லாததால் பாக்கெட்டுகளும் நேரமும் பிழையாகலாம் என்ற எச்சரிக்கை வந்தது. வட்டில் ஒரு கோப்பை எழுதுவதற்குக்கூட ஃபைல் புரோட்டகாலைத் தனியே இயக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கித் தரும் கன்ஃபிகர்கள் தெரியாத '--எனேபிள்', '--டிசேபிள்' விருப்பத்தை ஓர் எச்சரிக்கையோடு கடந்துபோகும்; கையால் எழுதப்பட்ட இந்த ஸ்கிரிப்டோ பிழை காட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் டீகோடரின் பெயரை ஓரெழுத்துத் தவறாகக் கொடுத்தால், எதனோடும் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு மேலே போகிறது; இங்கும் நின்றிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எந்த விருப்பங்களோடு கம்பைல் ஆனது என்பதை '-பில்ட்கான்ஃப்' கட்டளை எப்போது கேட்டாலும் அப்படியே காட்டுகிறது. அந்தப் பட்டியலை அச்சிட்டு, சிறிய கணினியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.