ஹட்டன் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ‘ஓப்பன் எயார்’ என்று குழாய் மாட்ட விடாதீர்கள்

என்னுடையது 2000ஆம் ஆண்டு நிசான் சன்னி, எஃப்.பி. 15 மொடல். கொட்டகலையிலிருந்து நுவரெலியாவில் உள்ள பாடசாலைக்கு அதில்தான் போய் வருகிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் இருந்தே நானுஓயா ஏற்றத்தில் இழுவை குறைந்திருந்தது. அதைக் காட்டத்தான் டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். பெயர் போடவில்லை.

அங்கிருந்த பாஸ் (மெக்கானிக்) பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “சேர், உங்க வண்டி மூச்சு விட முடியாம தவிக்குது. ஓப்பன் எயார் போட்டா ஏத்தத்துல பறக்கும். ஜப்பான் சாமான், 18,000தான்” என்றார். நம்பினேன். ஓப்பன் எயார் என்றால், காற்றை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பும் கம்பனி எயார் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாயும் திறந்த ஃபில்டரும் மாட்டுவது. மாலையில் வண்டியை எடுத்தபோது நல்ல உறுமல். சத்தத்தைக் கேட்டு இழுவை கூடிவிட்டது என்றே நினைத்தேன். கம்பனி எயார் பெட்டி உள்ளே இழுக்கும் காற்றின் சத்தத்தையும் அடக்குகிறது. பெட்டியை எடுத்துவிட்டால் எந்த வண்டியும் அப்படித்தான் உறுமும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரத்தில் என்ஜின் லைட் எரிந்தது. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்கியது. லீட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடிய வண்டி 8க்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “செட் ஆக கொஞ்ச நாள் எடுக்கும் சேர்” என்று அனுப்பிவிட்டார்.

ஜூன் மாதம் மனைவி, மகளோடு கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு, வட்டவளைப் பக்கம் கொட்டும் மழை. அந்த ஊர் மழையை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வளைவொன்றில் கான் (வடிகால்) நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடியது. முழங்கால் அளவுகூட இல்லை. மெதுவாகத்தான் இறங்கினேன், வண்டி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பப் போனபோது பின்னால் வந்த லொறிக்கார அண்ணன் ஓடி வந்து தடுத்தார். “ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி, தண்ணி குடிச்சிருக்கும்.” அவரே மழையில் நனைந்துகொண்டு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். அப்புறம் ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் இரண்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சி அடித்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொன்ரொட் வளைந்துவிடும், என்ஜினே போய்விடும். அவர் வராவிட்டால் நான் கட்டாயம் இரண்டாவது தடவை ஸ்டார்ட் பண்ணியிருப்பேன். மகளுக்கு அன்று காய்ச்சல் வேறு. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வேறொரு பாஸிடம் காட்டியபோதுதான் முழுக்கதையும் வெளிவந்தது. ஜப்பான் சாமான் என்று சொன்னது ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய பீவீசி குழாயும் இரண்டு எல்போவும். மேலே கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். என்ஜின் சூட்டில் பெயின்ட் உரிந்து குழாய்க் கம்பனியின் அச்செழுத்தே தெரிந்தது. வெந்நீருக்குக்கூட சாதாரண பீவீசி பாவிக்கமாட்டோம். 60 பாகை தாண்டினாலே இளக ஆரம்பிக்கும் சாமான் அது. எல்போ ஒன்று கோணலாகியிருந்தது. காற்றை அளக்கும் சென்சரைக் குழாயில் ஓட்டை போட்டுச் சிலிக்கன் வைத்து ஒட்டியிருந்தார். அந்தச் சென்சர் கம்பனிக் குழாயின் அகலத்துக்குக் கணக்குப் பண்ணியது. அகலம் மாறினால் கணக்கும் பிழைக்கும், பெற்றோலும் பிழையாகப் போகும். கூம்பு வடிவக் கோன் ஃபில்டரைக் கீழே பம்பருக்குப் பின்னால் வைத்திருந்தார். தண்ணீர் குடித்தது அதனால்தான். ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. குழாயின் உட்பக்கம் முழுக்கத் தோட்டத்து ரோட்டுச் செம்மண். அதெல்லாம் என்ஜினுக்குள் போயிருக்கிறது.

அந்த பாஸ் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்புக் காற்றைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போ இல்லாத எந்த வண்டிக்கும் அங்கே இழுவை குறையத்தான் செய்யும், எந்தக் குழாயும் அதை மாற்றாது. குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காகக் கம்பனிக்காரன் ஏற்கனவே என்ஜின் சூட்டுக்கு விலகித்தான் எயார் பெட்டியின் வாயை வைத்திருக்கிறான், அதுவும் தண்ணீர் எட்டாத உயரத்தில். என் வண்டியில் உண்மையான கோளாறு தேய்ந்துபோன பிளக்குகளும் காற்று வழியைத் திறந்து மூடும் த்ரொட்டிலில் ஏறிய அழுக்கும்தான்.

பழைய எயார் பெட்டியைக் கேட்டு முதல் கராஜுக்குப் போனேன். “உடைஞ்சுபோச்சு சேர், வீசிட்டோம்” என்றார். நான் கொடுத்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசியில் மச்சான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்து, பஸ்ஸில் போட்டு அனுப்பினான். பெட்டி, சென்சர், பிளக், ஒயில், கூலி எல்லாம் சேர்த்து 64,000 ரூபா. கழற்றுகிற சாமானை அன்றே கையில் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

அந்தக் குழாயை வீசாமல் வீட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியிலும் இதே மாதிரி கறுப்புக் குழாய் மாட்டியிருந்தால் கொட்டகலைக்கு வாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.