கார்டு மலிவுதான், பெட்டி சம்மதிக்க வேண்டுமே!

என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 வாங்கி மாட்டியாயிற்று. என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மாற்றியதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. 1050 டிஐ 2016-ல் வந்த கார்டு. அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி வருவது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 4 ஜிபி நினைவகத்தோடு புது கேம்களைத் திறந்தால் சுவர், தரை எல்லாம் களிமண் பூசினாற்போல் தெரியும்.

என் பெட்டியில் இருப்பது ஐ5 9400எஃப் பிராசசர், அதற்கேற்ற காலத்து மதர்போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பகுதி), 60 ஹெர்ட்ஸ் 1080பி திரை. இதில் எதையும் மாற்றும் எண்ணமில்லை, கார்டு மட்டும்தான் மாறவேண்டும். அப்படிப் பார்த்தபோது போட்டியில் நின்றவை நான்கு: ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வடிவம், ஆர்எக்ஸ் 6600, இன்டெல் ஆர்க் ஏ750, செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580.

எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள்) வரும் என்ற கேள்வியில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. சாதாரண கேம்களில் 6600 இந்த 3050-ஐ நன்றாகவே முந்தும். ஏ750 சில கேம்களில் 6600-க்குச் சமமாகவோ மேலாகவோ ஓடும், சிலவற்றில் பின்தங்கும். 580 இவற்றுக்குக் கீழே, ஆனால் 8 ஜிபி இருப்பதால் இன்னும் மூச்சு இருக்கிறது. இதெல்லாம் பத்து நிமிடம் தேடினால் கிடைக்கும் விஷயம். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது வேறொன்றில்: இந்தக் கார்டை என் பெட்டி ஏற்குமா?

முதலில் எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை விட்டுவிடுங்கள். 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் உங்கள் உண்மையான கையிருப்பு, ஏனென்றால் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அங்கேயிருந்துதான். என்னுடையது 30 ஆம்பியர், அதாவது 360 வாட். பெயர் தெரியாத சில 500 வாட் எஸ்எம்பிஎஸ்களில் இது 20 ஆம்பியர்கூட இராது. மேலே எழுதியது 500, உள்ளே சரக்கு 240!

இப்போது செலவுக் கணக்கு. பிராசசருக்கு 65 வாட், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 50 வாட் என்று வைத்தேன். மிச்சம் கார்டுக்கு. 3050-ன் 6 ஜிபி வடிவம் 70 வாட், 6600 132 வாட், 580 185 வாட், ஏ750 225 வாட். கூட்டிப் பார்த்தால் 3050-க்கு 185, 6600-க்கு 247, 580-க்கு 300, ஏ750-க்கு 340. கையில் 360 இருக்கிறதே, 340 தாராளமாகப் போதுமே என்று தோன்றும். போதாது. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சொன்ன அளவைவிடக் கணிசமாக அதிகம் இழுக்கும், பிராசசரும் அவசரத்தில் 65-ஐத் தாண்டும். அந்த நொடியில்தான் கேம் நடுவே திரை கறுத்து கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஆள் என்னவோ டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பார். வருடங்கள் ஓடிய எஸ்எம்பிஎஸ் வாங்கிய அன்றிருந்த தெம்போடும் இருக்காது.

அடுத்தது கேபிள். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6-பின் கேபிள் இன்னொரு 75, 8-பின் என்றால் 150. எனக்கு வாய்த்தது ஒரே ஒரு 6+2 பின் கேபிள், அதாவது 6-பின்னாகவும் 8-பின்னாகவும் செருகக்கூடியது. 6600-க்கு அது தாராளம். ஏ750-ல் இன்டெல் தானே வெளியிட்ட மாடலே 8-பின், 6-பின் என்று இரண்டு கேட்கிறது. மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் இணைப்பிலிருந்து மாற்றித்தரும் மலிவான ஒட்டுக்கேபிள்கள் கிடைக்கும்; அந்தப் பக்கமே போகாதீர்கள், உருகிய முனைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆக, ஏ750-க்கு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டும். கார்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆர்க்கில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) இயங்கினால்தான் அந்தக் கார்டு தன் வேகத்தைக் காட்டும். பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுகுவதற்கான வழி அது. இல்லாவிட்டால் சிறு சிறு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவேண்டியதுதான். வேகம் வெகுவாகக் குறையும், ஓட்டம் திக்கித் திணறும். இன்டெல் தன் பக்கத்தில் 10-ஆம் தலைமுறை பிராசசரும் அதற்கு மேலும் கேட்கிறது. என்னுடையது 9-ஆம் தலைமுறை. போதாததற்கு, பயாஸில் மின்சிக்கன அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றாவிட்டால் டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போதே 30 வாட்டுக்கு மேல் தின்னும். ஆர்க்கை நான் ஓட்டிப் பார்த்தது நண்பன் வீட்டில் இரண்டு மாலை மட்டும். எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அவனுடையது புது மதர்போர்டு. இன்டெலின் புதிய ஆர்க் பி580-க்கும் இதே நிபந்தனைதான்: 12 ஜிபி, 190 வாட் என்று ஆசை காட்டும், பழைய பிராசசரோடு சேர்த்தால் எதிர்பார்த்த வேகம் வராது.

மூன்றாவது, ஸ்லாட்டின் அகலம். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐஇ பாதையில் 6600-க்கு எட்டுத் தடங்கள்தான். அந்தப் பாதையின் புதிய பதிப்பான 4.0-ல் அது பெரிய சாலை, என்னுடையதுபோல 3.0 போர்டில் பாதி அகலம். கார்டின் 8 ஜிபி நிரம்பாதவரை இழப்பு சொற்பம். இதே காரணத்தால்தான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-ஐ நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அதற்கு நாலே தடங்கள், 4 ஜிபி நினைவகம். நினைவகம் நிரம்பியதும் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து ஒவ்வொன்றாக அந்த ஒற்றையடிப்பாதை வழியே கொண்டுவரவேண்டும். 3.0 போர்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் படம் நின்று நின்று நகரும். பழைய கம்ப்யூட்டர்காரர்களைக் குறிவைத்து விற்கும் கார்டு பழைய கம்ப்யூட்டரில்தான் மோசமாக ஓடுகிறது என்பது என்ன விதியோ!

செகண்ட் ஹேண்ட் 580-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) முடிவுக்கு வந்தபின் இராப்பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. சிலவற்றில் கார்டுக்குள் இருக்கும் பயாஸையே மாற்றியிருப்பார்கள். 2304 கோர்கள் (கார்டுக்குள் கணக்குப் போடும் அலகுகள்) இருக்கவேண்டிய இடத்தில் 2048 மட்டும் இருக்கும் இன்னொரு ரகமும் 580 என்ற பெயரிலேயே உலவுகிறது. வாங்கினால் எதிரிலேயே மாட்டி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஏஎம்டி அந்தத் தலைமுறையை 2023-லேயே அத்தியாவசியத் திருத்தங்கள் மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. 1050 டிஐ-க்கு டிரைவர் போயிற்றே என்று கிளம்பியவன், டிரைவர் போன இன்னொன்றை வாங்குவானேன்?

3050-தான் கடைசிவரை இழுத்தது. 70 வாட் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனிக் கேபிளே தேவையில்லை; செருகினால் ஓடும். அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி கேமிங்குக்கு மாற்றுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிறிய படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வேறு இருக்கிறது. 1080பி திரையில் 6600-க்குக் கிடைக்கும் அதே வகை ஏஎம்டி வசதியான எஃப்எஸ்ஆர்-ஐவிட அதன் படம் தெளிவாக இருப்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு உறுத்தியது பெயர் விளையாட்டு. 2022-ல் வந்த 8 ஜிபி 3050-ல் 2560 கோர்கள், 128 பிட் நினைவகப் பாதை. 2024-ல் வந்த 6 ஜிபி வடிவத்தில் 2304 கோர்கள், 96 பிட். நினைவகத்தை மட்டும் குறைத்ததுபோல் பெயர் வைத்து, கார்டையே சிறியதாக்கிவிட்டார்கள். என்னிடம் 8-பின் கேபிள் இருக்கையில், கேபிள் தேவையில்லை என்ற ஒரே வசதிக்காக வேகத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

6600-லும் ஓட்டை உண்டு. ஒளியும் நிழலும் நிஜம்போல் விழச்செய்யும் ரே டிரேசிங்கைப் போட்டால் கார்டு தள்ளாடுகிறது. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ஆனால் டூம்: தி டார்க் ஏஜஸ் போல ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் திறக்கவே திறக்காத கேம்கள் வரத்தொடங்கிவிட்டன. 6600-ல் அந்த வன்பொருள் இருப்பதால் ஓடும், படத்தின் தரத்தைக் குறைத்துத்தான் ஓட்டவேண்டும். 6600 வந்தது 2021-ல். அதன் தலைமுறையையும் ஏஎம்டி 2025 இறுதியில் டிரைவரின் தனிக்கிளைக்குத் தள்ளியது. எதிர்ப்பு கிளம்பியதும் புது கேம்களுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் சொன்னது. வீடியோ எடிட்டிங், லைவ் ஸ்ட்ரீமிங் இரண்டும் நான் செய்வதில்லை. செய்பவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்விடியா பக்கம்தான் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

மாட்டுகிற அன்று இரண்டு சங்கடங்கள். ஒன்று, மூன்று ஃபேன் மாடலாக இருந்திருந்தால் என் கேபினெட்டின் ஹார்டு டிஸ்க் கூடு இடித்திருக்கும். நல்லவேளை, ஸ்கேல் வைத்து அளந்து இரண்டு ஃபேன் மாடலாக வாங்கியிருந்தேன். இன்னொன்றை அளக்க மறந்தேன்: என் திரைக்கு டிவிஐ கேபிள், புது கார்டில் எச்டிஎம்ஐ-யும் டிஸ்ப்ளேபோர்ட்டும் மட்டும்தான். ஒரு கேபிளுக்காக ஒரு இரவு முழுக்கக் கார்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்குத் தாவுபவர்கள் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டு மாட்டுவது நல்லது.

1050 டிஐ-யை விற்கவில்லை. 9400எஃப்-ல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு படுத்தால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. கோளாறு கார்டிலா வேறெங்காவதா என்று பார்க்கவாவது ஒன்று வேண்டும். புது கார்டு வந்த உறையிலேயே போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.